நவம்பர் மாதத்து மட்டிகள்

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் இந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் போட்டாகிவிட்டது. அந்தப் பக்கத்து நாற்காலியில் கைலாசம் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் வீட்டு வேட்டி, மேலே கல்லூரிக்குப் போட்டுப்போகும் முழுக்கைச் சட்டை. நேர்காணல் என்றால் நேர்காணல் மாதிரி இருக்கணும் என்று அவன்தான் சொன்னான். மேசைமேல் ஒரு தண்ணீர் தம்ளர், ஒரு பேனா, ஒரு வெள்ளைத்தாள். மத்தியானம் வைத்த சொதியின் தேங்காய்ப்பால் வாசனை இன்னும் அறையைவிட்டுப் போகவில்லை. "வெளியே போயிட்டு, கதவைத் தட்டிட்டு, உள்ள வா ஆவுடை" என்றான். ஆவுடையம்மாள் அடுப்படிக்குப் போய், இல்லாத கதவைச் சுவரில் தட்டிவிட்டு வந்தாள். முப்பத்தொன்பது வயசில், ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு, தன் வீட்டுச் சுவரைத் தானே தட்டிக்கொண்டு வருவது அவளுக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில், முனைவர் படிப்புக்கு, விலங்கியல் துறையில் நேர்காணல். நுழைவுத் தேர்வில் மூன்றாவதாக வந்திருந்தாள். இருநூற்றுச் சொச்சம் பேர் எழுதிய பரீட்சை. அன்றைக்கு வாசலில் நின்ற ஆள் அவளை யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த தாயார் என்று நினைத்து, பெற்றோரெல்லாம் கேட்டுக்கு வெளியே நிக்கணும்மா என்று சொன்னான். அவள் அனுமதிச் சீட்டைக் காட்டினாள். அவன் சீட்டில் இருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னமோ அவன்தான் தப்புச் செய்தவன் மாதிரி ஒதுங்கி நின்றான். உள்ளே போய் உட்கார்ந்து பென்சிலைச் சீவும்போது, எட்டு மாசமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து படித்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரே ஒரு வாக்கியந்தான் வந்தது. அது பரீட்சைக்கான வாக்கியம் இல்லை. நேர்காணலுக்கானது. அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு நாற்காலி வேண்டும், எதிரே கேட்கிற ஆள்கள் வேண்டும், அந்த இடத்துக்குப் போக இந்தப் பரீட்சையைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். அப்படி நினைத்ததும் படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"உக்காருங்க மிஸஸ் கைலாசம்" என்றான். குரலைக் கொஞ்சம் தடிக்க வைத்துக்கொண்டு பேசினான். அருளானந்தம் சாரின் குரல். கைலாசத்தின் முனைவர் ஆய்வுக்கு அவர்தான் வழிகாட்டியாக இருந்தவர். இப்போது துறைத் தலைவர். வியாழக்கிழமை ஐந்து பேர் உட்காரும் வரிசையில் நடுவில் இருக்கப்போகிறவர். "ஆவுடையம்மாள், சார்" என்றாள் அவள். "அதையும் சொல்லலாம், தப்பில்ல. ஆனா மிஸஸ் கைலாசம்னா அவருக்கு உடனே ஆள் தெரியும்லா. நம்ம கைலாசம் வீட்டுக்காரின்னு ஒரு இது இருக்கும்." இது. அந்த இதுவைத்தான் அவள் பதின்மூன்று வருஷமாகத் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறாள். அதற்கு முன்னால் மனசுக்குள்ளேயும் கைலாசம் அவளுக்கு அவர்தான். அவர் வந்துவிட்டாரா, அவருக்குச் சோறு வைக்கணும், அவர் சட்டை காய்ந்துவிட்டதா. ஒரு நாள், ஒரே நாளில், அது அவன் ஆகிவிட்டது. வாய்க்கு வெளியே இன்றைக்கும் நீங்க, வாங்க, சாப்பிடுங்கதான். உள்ளே அவன். அவனுக்கு இது தெரியாது. காப்பியை நீட்டும்போது இந்தா குடி என்று மனசு சொல்லும், வாய் எடுத்துக்கோங்க என்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் அவளுக்கு ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்காகவே சில நாள் கூடுதலாக ஒரு வாங்க போடுவாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க." சொன்னாள். பிறந்தது, படித்தது, எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் கல்யாணம், பிறகு பி.எட்., இப்போது மெட்ரிக் பள்ளியில் உயிரியல். அவன் ஆய்வுக்காக ஆற்றில் நின்ற இரண்டு வருஷத்தை அவள் சொல்லவில்லை. சொல்ல ஒரு பெயர் இல்லை அதற்கு. உதவியாளர் என்று எங்கேயும் எழுதப்படவில்லை, சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஆனால் தாமிரபரணியில் கொக்கிரகுளத்திலிருந்து சீவலப்பேரி வரைக்கும் ஏழு இடம், மாசம் ஒருதரம், ஒரு மீட்டர் சதுரத்துக்கு வெல்டிங் பட்டறையில் அடித்து வாங்கிய கம்பிச் சட்டம், அதை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மணலுக்குள் விரலை விட்டு, சிப்பி மாதிரி ஓடு மூடிய மட்டியைத் தேடியது அவள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கல்லுக்கு ஒரு குளிர்ச்சி, மட்டிக்கு ஒரு குளிர்ச்சி. உயிருள்ள மட்டி விரல் பட்டதும் வாயை இறுக்கும், அந்த இறுக்கம் நகக்கண்ணில் தெரியும். கைலாசம் கரையில் நின்று, இடம் மூணு, எத்தனை, என்று கேட்பான். அவள் சொல்லச் சொல்ல எழுதுவான். அவனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும். சைவ வீட்டில் பிறந்து, சைவ வீட்டில் வாழ்க்கைப்பட்டு, மட்டியை அள்ளிவிட்டு வருகிறவளை மாமியார் கொல்லைப்புறக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர விடுவாள். அவன் ஆய்வேடு புத்தகமாக வந்த அன்று, கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் அவன் எல்லாருக்கும் நன்றி சொன்னான். கடைசியாக, என் துணைவியார், வெயில் பார்க்காமல் ஆற்றங்கரைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர், என்றான். கூட்டம் சிரித்தபடி கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஆவுடையம்மாளும் தட்டினாள். டீ. ஒரு நாள் கொண்டுபோயிருப்பாள். ஒரே ஒரு நாள், பிளாஸ்க்கில், அதுவும் தனக்குக் குளிரும் என்று.

"எதுக்கு இந்த வயசுல ஆராய்ச்சி?" என்று அருளானந்தம் சாரின் குரலில் கேட்டான். "இது கண்டிப்பா கேப்பார் ஆவுடை. கோவப்படாமச் சொல்லணும்." அவள் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சூழலியல் பாடம் எடுக்கும்போது நம் ஆற்றிலிருந்து ஒரு உதாரணம் சொல்ல முடியவில்லை என்ற குறை. நல்ல பதில் என்று தலையாட்டினான். அவன் தலையாட்டினது பிடித்திருந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. நல்ல வாத்தியார்தான், அதில் பொய் இல்லை. பிள்ளைகள் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுவார்கள். புள்ளியியலில் அவளுக்குச் சிக்கின ஒரு இடத்தை மூன்று நாளைக்கு முன்னால் அவன்தான் பத்தே நிமிஷத்தில் அவிழ்த்துக் கொடுத்தான். அது புரிந்த நேரம் உள்ளே ஒரு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் சந்தோஷத்துக்காகப் படிக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க அது பாட்டுக்கு வந்தது. விடியற்காலம் ஐந்தரை மணிக்குக் குக்கர் ஏறும்வரை ஒரு கணக்கைப் போட்டு, விடை சரியாக வந்ததும், தான் எதற்காக உட்கார்ந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிடும். மறந்தது தெரிந்ததும் பதறிப்போய் அந்த நவம்பரை இழுத்துவந்து முன்னால் வைத்துக்கொள்வாள். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, கோபம் ஆறிவிடவில்லையே என்று. ஆறவில்லை.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் ஐந்தாம் மாசம். மாமியார், தண்ணிக்குள்ள இறங்காத என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். கைலாசம், இன்னும் மூணே மாசம், ரெண்டு வருஷக் கணக்கு முடிஞ்சிரும், நடுவுல விட்டா எல்லாம் வீண் என்றான். அக்டோபரில் ஏழு இடமும் இறங்கினாள். நவம்பர் முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, துணி காயப்போடக் கையைத் தூக்கியபோது, தொடை வழியாகச் சூடாக இறங்கியது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிள்ளை முதல் நாளே போய்விட்டது, பிறகு காய்ச்சல், கிருமி, ஊசி. கைலாசம் முதல் நாள் சாயந்திரம் வந்தான். ஒரு ரஸ்க் பாக்கெட் வாங்கிவந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான், உட்காரவில்லை. நாளைக்கு ஆத்துக்குப் போணும் ஆவுடை, இந்த மாசக் கணக்கு எடுக்கணும்லா, என்றான். அவள் சரி என்றாள். அவளே சரி என்றாள். பிறகு பத்து நாள் அவன் வரவில்லை. அம்மா மட்டும் கூட இருந்தாள். போன் பண்ணினால், ஆத்துல நிக்கேன், அப்புறம் பேசுதேன் என்பான். வார்டில் மேலே ஒரு டி.வி. ஓடும். அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது, ஆற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம் என்று கலெக்டர் சொல்கிறார். கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. செம்மண் தண்ணீர் பாலத்தைத் தொடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆத்துல நிக்கேன். அப்போது கூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஐயோ, இந்தத் தண்ணியில இறங்கிராதீங்க என்றுதான் பயந்தாள். அந்தப் பயத்தை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடந்த பொம்பளை, ஆற்றில் நிற்காத ஒருவன் ஆற்றோடு போய்விடுவானோ என்று கிடந்து தவித்தாளே. டிசம்பரிலும் போய்வந்தேன் என்றான். அவன் பேண்ட்டைத் துவைத்தது அவள்தான். ஆற்றுக்குப் போய்வந்தால் கால்மடிப்பில் மணல் இருக்கும், எத்தனை தடவை அலசினாலும் பக்கெட்டின் அடியில் தங்கும். அந்த மாசம் பக்கெட் சுத்தமாக இருந்தது. பிறகு பிள்ளை ஒன்றும் தங்கவில்லை.

"எங்க போயிட்ட? ப்ரொபோசலைக் கொண்டா, அதைப் பாத்துத்தான் அவங்க கேப்பாங்க" என்றான். ஆய்வுத் திட்டம். மூன்று பக்கம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவளே தட்டி, அவளே அனுப்பினது. அவன் இதுவரை கேட்கவில்லை. தன் வேலையின் தொடர்ச்சியாக ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு ஆளிடம்கூட, என் டேட்டா இருக்கு, அதை வச்சே முடிச்சிருவா என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. இன்றைக்குக் கேட்பான் என்று தெரிந்துதான் தாளை அலமாரியில் மேலாக வைத்திருந்தாள். கேட்காமலே போனால் வியாழக்கிழமைவரை தெரியாமலிருப்பான், வெள்ளிக்கிழமை கல்லூரியில் யாராவது சொல்லித் தெரிந்துகொள்வான், முகம் எப்படி மாறியது என்று அவள் பார்க்க முடியாது. அது போதாது. முதலில் அவன் முகமும் வேண்டும், ஐந்து பேருக்கு முன்னால் சொல்லவும் வேண்டும் என்று நினைத்தாள், பிறகு அவன் முகம் மட்டும் போதுமோ என்று நினைத்தாள், மறுபடி ஐந்து பேருக்கு முன்னால்தான் என்று நினைத்தாள். இப்படியே எட்டு மாசம். எடுத்துக்கொண்டு வந்து, அவன் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தாள். அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. கைலாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். தலைப்பு, தாமிரபரணியில் வெள்ளத்துக்குப் பின் நன்னீர் மட்டிகளின் மீட்சி. "வெள்ளமா" என்றான். முதல் பக்கம் முடிந்தது. மின்விசிறிக் காற்றில் இரண்டாம் பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது, அதைப் பேனாவால் அழுத்திக்கொண்டான். இரண்டாம் பக்கம் நடுவில் அந்த வரி இருக்கிறது. முந்தைய ஆய்வில் விடுபட்ட மாதங்கள். வெறும் நாலு சொல். அவன் கண் அந்த இடத்துக்கு வரும்வரை அவள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டவணையை அவள் முதலில் பார்த்தது பிழை திருத்தும்போது. ஆய்வேட்டை டி.டி.பி. சென்டரில் அடித்துக் கொண்டுவந்து, நீ ஒரு வாட்டி பாத்துரு, உனக்குத்தான் கண்ணு கூர்மை என்று கொடுத்தான். மாமியார் உள்ளே தூங்க, இவள் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து பென்சிலோடு பார்த்துக்கொண்டே வந்தாள். அக்டோபர் வரிசையில் ஏழு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் அவளுக்கு ஒரு தண்ணீர் ஞாபகம் வந்தது, இங்கே பாசி வழுக்கினது, இங்கே வாத்து மேய்க்கிறவன் நின்று பார்த்தது. அடுத்தது நவம்பர். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பத்துநாலு, பத்தொன்பது, ஐம்பத்திரண்டு, முப்பத்தேழு, முப்பது. அழகான எண்கள். அக்டோபரைவிடக் கொஞ்சம் குறைவு, மழைக்காலம் பார், அதனால் குறைத்திருக்கிறான், யோசித்துத்தான் குறைத்திருக்கிறான். ஒரு தண்ணீரும் ஞாபகம் வரவில்லை. வேறு யாரையாவது இறக்கியிருப்பானோ என்று நினைத்தாள். பிறகு கோபுரத்தின் நுனி. பிறகு பக்கெட். பிறகு ரஸ்க் பாக்கெட். ஒவ்வொன்றாக வந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஆற்றிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. அப்போது எங்கே? அந்தக் கேள்வியைத்தான் பதின்மூன்று வருஷமாக வைத்திருக்கிறாள். வேறொருத்தி வீட்டில் என்று ஒரு வருஷம் நினைத்தாள். எங்காவது தனியாக உட்கார்ந்து அழுதிருப்பான் என்று பாவப்பட்டு ஒரு வருஷம் நினைத்தாள். சண்டை வரும்போதெல்லாம் அது நாக்கு நுனிவரைக்கும் வரும். காஸ் தீர்ந்ததற்கும் கல்யாண வீட்டுக்குப் போகாததற்கும் வருகிற சண்டையில் அதை எடுத்துச் செலவழிக்க மனசு வராது, திரும்ப விழுங்கிக்கொள்வாள். ஆனால் இந்த நினைப்பில் ஒரு முள் இருக்கிறது. எப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் மாட்டும். நவம்பர் வரிசையின் கடைசியில் மொத்தம் இருநூற்றுப் பதினாலு என்று போட்டிருந்தது. கூட்டினால் இருநூற்று நாற்பத்தொன்று வருகிறது. அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் நாற்பத்தொன்று என்று எழுதியது யார்? அவள்தான். ஏன் எழுதினாள்? தெரியாது. கை பழக்கம். பொய் என்று தெரிந்த அதே நிமிஷத்தில், அந்தப் பொய்யின் கூட்டல் சரியாக இருக்கட்டும் என்று இந்தக் கை திருத்தியது. அச்சில் இன்றைக்கும் இருநூற்று நாற்பத்தொன்றுதான் இருக்கிறது.

கைலாசம் தாளை வைத்தான். கண்ணாடியைக் கழற்றவில்லை. தண்ணீர் தம்ளரை எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். "கேள்வி கேக்கட்டா" என்றான். தன் சொந்தக் குரலில் கேட்டான். "கேளுங்க." "இந்த ஆத்துல ஏற்கெனவே ரெண்டு வருஷம் வேலை நடந்திருக்கு. நவம்பர், டிசம்பரும் அதுல இருக்கு. நீங்க விடுபட்ட மாதங்கள்னு எழுதியிருக்கீங்க. என்ன விடுபட்டிருக்கு?" கடைசியில் அந்த நாற்காலியும் எதிரே ஆளும் வந்துவிட்டது, வியாழக்கிழமைக்கு முன்னாலேயே. "அந்த ரெண்டு மாசக் கணக்கு உண்மையானது இல்ல சார்" என்றாள். வாக்கியம் அவள் நினைத்திருந்த மாதிரி கூர்மையாக வரவில்லை. நடுவில் குரல் உடைந்து, சார் என்பது மூக்கால் வந்தது. எட்டு மாசம் தீட்டின வாக்கியம். அவளுக்கு அவமானமாக இருந்தது. கைலாசம் பேனாவை மூடினான். "அந்தக் கூட்டலைத் திருத்தினது நீதானே" என்றான்.

அவள் எதிர்பார்க்காதது அது. "பென்சில் குறியைப் பாத்த அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். நீ கேப்ப, கேப்பன்னு பாத்தேன். அன்னைக்கு நீ கேக்கல. மறுநாளும் கேக்கல. நானும் அப்படியே விட்டுட்டேன்." அதாவது தெரியும். அவள் மூடி மூடி வைத்திருந்தது, சண்டைக்குச் சண்டை விழுங்கினது, மனசுக்குள் அவன் என்று சொல்லிக் குளிர்ந்துகொண்டது, எல்லாமே ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதி. அவன் அதோடேயே சாப்பிட்டிருக்கிறான், தூங்கியிருக்கிறான், பழகிவிட்டான். பல்வலிக்குப் பழகுகிற மாதிரி முதலில் பயந்து, பிறகு மறந்து. டீ கொண்டுவந்தார் என்று மைக்கில் சொன்னபோதும் அவனுக்குத் தெரியும், முன்வரிசையில் கைதட்டுகிறவளுக்குத் தெரியும் என்று. அவள் நகையை யாரோ எடுத்துப் பதின்மூன்று வருஷம் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டுத் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. "எங்க இருந்தீங்க" என்று கேட்டாள். சார் இல்லை. "எப்ப?" "அந்தப் பத்து நாளு." கைலாசம் ஜன்னல் பக்கம் பார்த்தான். பொய் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். ஏதாவது பெரிய பொய் சொல்லட்டும் என்றுகூட இருந்தது. "குருசாமி ரூம்ல. கேரம் விளையாண்டுட்டு இருந்தோம்." அவள் விளங்காமல் பார்த்தாள். "ஆத்துல தண்ணி. ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மாதிரியா இருந்துச்சு. உங்க அம்மா மூஞ்சியப் பாக்க முடியல. ஒருநாள் போகலைன்னா மறுநாள் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அங்க நாலு பேரு விளையாடிட்டு இருந்தாங்க, உக்காந்துட்டேன். அவ்வளவுதான் ஆவுடை."

கேரம். குருசாமி அவன் கூடப் படித்தவன், ஜங்ஷன் பக்கம் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான், கல்யாணத்துக்கு ஒரு குத்துவிளக்கு கொண்டுவந்து கொடுத்தவன். அந்த விளக்கைத் தினமும் அவள்தான் ஏற்றுகிறாள். வேறொருத்தி இருந்தாலும் அவளை வெறுத்திருக்கலாம். அழுதிருந்தாலும் என்றாவது மன்னித்துத் தொலைத்திருக்கலாம். சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, பவுடரைத் தட்டிவிட்டு, போன் வந்தால், ஆத்துல நிக்கேன். அவள் அந்த நேரம் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, இறங்கிராதீங்க, இறங்கிராதீங்க. இதற்கா இத்தனை வருஷம்? இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு பெரிய பெட்டியிலா வைத்திருந்தோம்? கோபம் ஒரு நிமிஷம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. அடுத்த நிமிஷம் முன்னைவிடக் கெட்டியாக வந்து உட்கார்ந்தது. சின்ன விஷயம் என்பதாலேயே வந்து உட்கார்ந்தது.

"அங்க இதைச் சொல்லாத" என்றான் கைலாசம். கெஞ்சலாகவும் இல்லை, மிரட்டலாகவும் இல்லை. பாடம் நடத்தும்போது வருகிற குரல்தான். "எனக்காகச் சொல்லல. அருளானந்தம் சார் கையெழுத்துப் போட்ட தீசிஸ் அது. ஊருக்கே வெள்ளம்னு தெரியும், அவருக்குத் தெரியாதா? கண்டுக்காமப் போட்டார். அவரு மூஞ்சிக்கு நேரா இதைச் சொன்னா உனக்கு சீட் தருவாரா? அப்புறம் கூட்டலைத் திருத்தினது யாருன்னும் கேப்பாங்க." அவள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். சீட் போனால் போகட்டும் என்றும் நினைத்திருந்தாள், ஆனால் ஒரு கணக்கு சரியாக வருகிற காலை நேரங்களில் அப்படி நினைக்க முடியவில்லை. அந்தப் பென்சில் குறியைத்தான் எதிலும் சேர்க்காமல் விட்டிருந்தாள். இப்போது அவன் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டான், இதோ இதுவும் உன்னுடையதுதான் என்று. முள்ளை அவனே பிடுங்கிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. பார்த்தால் அது அவ்வளவு பெரிய முள்ளும் இல்லை. "கேட்டா, நான்தான் திருத்தினேன்னு சொல்லுவேன்" என்றாள். "கேக்காட்டாலும் சொல்லுவேன். அதுக்கு முந்தி இருபத்திரண்டு மாசம் தண்ணியில நின்னு எண்ணினதும் நான்தான்னு சொல்லுவேன். எந்த மாசம் யாரு எண்ணினா, எந்த மாசம் யாரும் எண்ணல, எல்லாம் சொல்லுவேன். சீட் தரலைன்னா எந்திரிச்சு வாரேன்." "காலேஜ்ல என்னைய விசாரணைக்குக் கூப்பிடுவாங்க ஆவுடை." "கூப்பிடட்டும்." அப்படிச் சொன்னபோது வாய்க்குள் ஒரு ருசி இருந்தது. நல்ல ருசி. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாயும் மனசும் ஒரே சொல்லைச் சொல்லியிருந்தன.

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடி, டேங்க் நிரம்பி, தண்ணீர் சுவரில் வழிகிற சத்தம் கேட்டது. யாரோ மோட்டாரை அணைத்தார்கள். "இன்னொரு தடவை கேளுங்க" என்றாள் ஆவுடையம்மாள். "என்னத்த?" "அந்தக் கேள்விய. மொதல்ல சொன்னப்போ குரலு உடைஞ்சிருச்சு." அவன் அவளைப் பார்த்தான். விளையாட்டா என்று பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும், மெதுவாக, என்ன விடுபட்டிருக்கு என்று கேட்டான். அவள் சொன்னாள். இந்தத் தடவை மூச்சு விடாமல் ஓடிவிட்டது, பயந்தவள் பேசுகிற மாதிரி. அவளுக்கே பிடிக்கவில்லை. "திரும்பவும்." கேட்டான். சொன்னாள். உண்மையானது இல்ல என்ற இடத்தில் அவன் கண்ணைச் சந்தித்ததும் ஒரு சொல் வழுக்கியது. கைலாசத்துக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். இருபது வருஷமாகப் பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் பதில் கேட்ட வாய், அதற்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்பது முக்கியமில்லை போல, தன்பாட்டுக்குச் சொன்னது, "அந்த இடத்துல என்னையப் பாக்காத ஆவுடை. பாத்தாத்தான் தடுமாறுத. நேரா சுவரைப் பாத்துச் சொல்லிப் பழகு."

"உங்களப் பாத்துச் சொல்லத்தான் பழகுதேன்" என்றாள்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். நாற்காலியை மேசைக்குப் பக்கமாக இழுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிவிட்டு, கேள்வியை முதலிலிருந்து கேட்டான்.